ஒளியால் மருந்தை அழிக்கும் கருவி நம் ஹவுளுக்கு வேண்டுமா?

(அறக்கட்டளையின் குடிநீர், சுகாதார விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளை ஒருவர் அறக்கட்டளைக்கு ஒரு கோரிக்கை அனுப்பியிருக்கிறார். தண்ணீரில் கலந்திருக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளை ஒளியைக் கொண்டே அழிக்கும் கருவி ஒன்றைப் பற்றிப் படித்திருக்கிறார். பள்ளிவாசல் ஹவுளுக்கு ஒன்றும் மதரஸாவின் குடிநீர்த் தொட்டிக்கு ஒன்றும் வாங்கி வைக்க வேண்டும், முழுச் செலவும் தம்முடையது என்கிறார். அல்லாஹ் அவருடைய ரிஸ்கில் பரக்கத் செய்வானாக. அறங்காவலர்கள் இரண்டு அமர்வுகள் பேசினோம். முடிவை மட்டும் சொல்லிவிட்டால் "தருகிறேன் என்றவரை மறுத்துவிட்டார்கள்" என்ற பேச்சுதான் மிஞ்சும். அதனால் காரணத்தை விரிவாகச் சொல்லும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தார்கள். மதரஸாவில் சில ஆண்டுகள் ஓதி, பிறகு கல்லூரியில் வேதியியல் படித்தவர் என்பதால் நமக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது.

முதலில் மதரஸாப் பாடத்திலிருந்து தொடங்குவோம். தண்ணீர் கெட்டதா இல்லையா என்று பார்க்க ஃபிக்ஹு நூல்கள் மூன்று அடையாளங்களைச் சொல்கின்றன: நிறம், ருசி, வாடை. பத்துக்குப் பத்து முழம் உள்ள ஹவுளிலோ ஓடும் ஆற்றிலோ அசுத்தம் விழுந்தாலும், இந்த மூன்றில் ஒன்றும் மாறாதவரை தண்ணீர் சுத்தமானதே என்பது நம் ஹனஃபி மத்ஹபில் சிறு பிள்ளைகளும் அறிந்த பாடம். 1978ல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை, சுத்திகரிக்கப்பட்ட சாக்கடை நீரைப் பற்றி முடிவெடுத்தபோதும் இந்த மூன்றையே அளவுகோலாக வைத்தது. நிறமும் ருசியும் வாடையும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அந்தத் தண்ணீரில் ஒளூச் செய்யலாம் என்றது. குடிப்பதைப் பற்றிச் சொல்லும்போது உடல்நலக் கேட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

ஆன்டிபயாடிக் கலந்த தண்ணீரில் இந்த மூன்றுமே மாறுவதில்லை. கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் சுனை நீர் போல இருக்கும். மேடையில் ஹஜ்ரத்மார்கள் இருக்கும்போது நாம் சட்டம் சொல்ல வரவில்லை. ஆயினும் அத்தகைய தண்ணீரில் ஒளூ நிறைவேறுமா என்று யாருக்காவது கவலை இருந்தால், அந்தக் கவலை வேண்டாம் என்று ஹஜ்ரத் அவர்களே நம்மிடம் சொல்லிவிட்டார்கள். கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் உடம்பில் கரைந்து தீர்ந்துவிடுவதில்லை. அமாக்ஸிசிலின் என்ற சாதாரண மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ 60 சதவீதம் எந்த மாற்றமும் இல்லாமல் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. காய்ச்சலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் தரும் சிப்ரோஃப்ளாக்சசினிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாக அப்படியே வெளியே வருகிறது. அது கழிவறை, சாக்கடை, வாய்க்கால், ஆறு என்று போகிறது. போகும் வழியெல்லாம் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. அவற்றைக் கொல்லும் அளவுக்கு மருந்து அங்கே இல்லை. பழக்கும் அளவுக்கு இருக்கிறது. பலவீனமானவை சாக, தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. தாக்குப்பிடிக்கும் தன்மையைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்கின்றன. பிறகு நம் வீட்டு நன்னிமாவுக்குச் சிறுநீர்த் தொற்று வரும்போது, முன்பு மூன்று நாளில் கேட்ட மாத்திரை பத்து நாளாகியும் கேட்பதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் நேர்ந்த மரணங்கள் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 12 லட்சத்து 70 ஆயிரம் என்று 2022ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது.

இது எங்கோ வெளிநாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செரு என்ற இடம் இருக்கிறது. சுமார் 90 மருந்து உற்பத்தி நிறுவனங்களின் கழிவுநீர் அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் யோக்கிம் லார்சன் குழுவினர் அந்த நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சோதித்து 2007ல் முடிவை வெளியிட்டார்கள். சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீர் அது என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. நாம் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தால் அதில் ஒரு முழு 500 மில்லிகிராம் மாத்திரை கரைந்திருக்கிறது என்று பொருள். மருந்து சாப்பிட்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அந்த ஓடைக்குப் போகும் நீரில் மருந்து அதிகம். ஒரு நாளில் வெளியேறிய மொத்த அளவு 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். மாத்திரைக் கணக்கில் 90 ஆயிரம். ஸ்வீடன் நாடு முழுவதும் ஐந்து நாளில் சாப்பிடும் அளவு அது.

நம் தமிழ்நாட்டிலும் காவிரியில் 22 இடங்களில் தண்ணீர் எடுத்துச் சோதித்த சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் லிஜி ஃபிலிப் குழுவினர், வலி மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றோடு சிப்ரோஃப்ளாக்சசினும் ஆற்றில் இருப்பதை 2021ல் தெரிவித்தார்கள். காவிரிக் கரையில் பட்டான்செரு போல மருந்து ஆலைகள் வரிசையாக இல்லை. மனிதர்கள் சாப்பிட்டதும், ஊர்களின் சாக்கடையும்தான் அங்கே.

இனி ஒளி வினையூக்கிக்கு வருவோம். வினையூக்கி என்பது தான் செலவழியாமல் பிற பொருள்களுக்கிடையே வேலை நடக்கச் செய்யும் பொருள். வெயில் பட்டால்தான் வேலை செய்வேன் என்று இருப்பது ஒளி வினையூக்கி. இதில் எல்லோருக்கும் மூத்தது டைட்டானியம் டை ஆக்சைடு. பெயர் கேட்டுப் பயப்பட வேண்டாம். வீட்டுக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டின் வெண்மை அதுதான். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கேரளத்துச் சவரா கடற்கரையிலும் கிடைக்கும் கருமணலில் இருந்து அது எடுக்கப்படுகிறது.

நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மட்டமான வெள்ளைப் பெயின்ட் அடித்த வெளிச்சுவர் சில வருடம் வெயிலில் நின்றபின் அதில் சாய்ந்தால் சட்டையில் மாவு மாதிரி ஒட்டும். சுண்ணாம்புச் சுவரைச் சொல்லவில்லை, பெயின்ட் சுவரைச் சொல்கிறோம். பெயின்டைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் பசையை வெயிலின் துணையோடு இந்த டைட்டானியம் தூளே சிதைத்துவிடுகிறது. பெயின்ட் கம்பெனிக்கு இது தொல்லை. அதனால் நல்ல பெயின்டில் ஒவ்வொரு துகளுக்கும் மேலுறை போட்டு விற்கிறார்கள். அதே குணத்தைத் தண்ணீரைச் சுத்தம் செய்யத் திருப்பிவிட்டால் என்ன என்பதுதான் விஞ்ஞானிகளின் யோசனை. ஜப்பானில் அகிரா ஃபுஜிஷிமாவும் அவருடைய ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் இந்தப் பொருள் ஒளியின் உதவியால் தண்ணீரையே பிளக்கிறது என்று 1972ல் காட்டினார்கள். 1977க்குள் தண்ணீரிலிருந்த சயனைடு விஷத்தை அது சிதைத்துக் காட்டியது. அன்றிலிருந்து உலகெங்கும் இந்த ஆய்வு நடக்கிறது. நம் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சாயக் கழிவுநீரை வைத்து இதைச் சோதித்தவர்கள் ஏராளம்.

துகளுக்குள் நடப்பது இதுதான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டதும் துகளில் உள்ள ஓர் எலக்ட்ரான் தன் இடத்தை விட்டு மேலே தாவுகிறது. அது இருந்த இடம் வெற்றிடமாகிறது. அந்த வெற்றிடம் பக்கத்தில் இருக்கும் தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துத் தன்னை நிரப்பிக்கொள்கிறது. பறிகொடுத்த தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் என்ற அரைகுறைத் துண்டு பிறக்கிறது. அதற்கு ஆயுள் ஒரு விநாடியின் கோடியில் சில பங்குதான். அதற்குள் கையில் அகப்பட்டதைக் கடித்துவிடும். மருந்து மூலக்கூறு அகப்பட்டால் மருந்தைக் கடிக்கும். கடித்துக் கடித்துக் கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீரும் சிறிது உப்பும் மிஞ்ச வேண்டும். வேறு ரசாயனம் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை, வெயில் இலவசம். தேனி மாவட்டத்தில் வெயிலுக்கு என்ன பஞ்சம்!

ஆனால் வெயிலில் புற ஊதாக் கதிர் நூற்றில் நான்கைந்து பங்குதான். மிச்ச வெயிலை டைட்டானியம் பயன்படுத்த முடியாமல் வீணாக்குகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும் பொருள்களைத் தேடினார்கள். அதில் ஒன்றைக் கேட்டால் நம் விவசாயிகளுக்குச் சிரிப்பு வரும். வயலுக்குப் போடும் யூரியாவை மூடிய பாத்திரத்தில் 550 டிகிரி வரை சூடாக்கினால் மஞ்சள் நிறத்தில் ஒரு தூள் கிடைக்கும். கார்பன் நைட்ரைடு என்று பெயர். வெயிலின் நீல ஒளியையும் பிடித்துக்கொள்ளும். இங்கிருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் யாரும் வீட்டு மாடியில் முயன்று பார்க்க வேண்டாம். சூடாக்கும்போது வரும் வாயு மூச்சை அடைக்கும். முறையான ஆய்வுக்கூடத்தில் மட்டும் செய்ய வேண்டியது.

இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் வேண்டாம் என்கிறோம்?

ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு மருந்தை மட்டும் கரைத்து, பக்கத்திலேயே விளக்கை வைத்து, சுழற்றிக் கலக்கிக்கொண்டே அளக்கிறார்கள். சில மணி நேரத்தில் 90 சதவீதம் போய்விட்டது என்று எழுதுகிறார்கள். அது உண்மைதான். ஐப்பசி மழையில் செந்நிறமாக வரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். ஒளி ஒரு சாண் ஆழம் இறங்காது. இறங்கினாலும் அந்த ஹைட்ராக்சில் துண்டுக்கு மருந்து எது, இலைச்சாறு எது என்று பிரித்தறியத் தெரியாது. ஆற்றில் கரைந்திருக்கும் தழைச்சத்தும் உப்பும் மருந்தைவிடப் பல மடங்கு அதிகம். அவற்றைக் கடிப்பதிலேயே அதன் ஆயுள் முடிந்துவிடும்.

அடுத்தது, அரைகுறைச் சிதைவு. சிப்ரோஃப்ளாக்சசின் மூலக்கூறில் முதலில் உடைவது அதன் ஓரத்து வளையம். கிருமியைத் தாக்கும் நடுப்பகுதி சில நேரம் அப்படியே நிற்கும். கருவியில் "மருந்து இல்லை" என்று காட்டும். கிருமியைப் பழக்கும் வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கும். முழுவதும் கரியமில வாயுவாக ஆகும்வரை விட்டு வைத்தால் நேரமும் செலவும் பல மடங்கு. பிறகு, அந்த மெல்லிய தூளைத் தண்ணீரிலிருந்து திரும்பப் பிரித்தெடுக்க வேண்டும். பிரிக்காமல் விட்டால் நாமே குடித்துவிடுவோம். கண்ணாடி மணியிலோ ஓட்டிலோ ஒட்டவைத்தால் பிரிக்கும் தொல்லை இல்லை, ஆனால் வேகம் குறைந்துவிடும். மதரஸாவில் யார் இதையெல்லாம் மாதாமாதம் சோதிப்பது? தண்ணீரில் ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்று அளக்கும் இயந்திரம் பெரிய ஆய்வுக்கூடங்களில் இருப்பது. அளக்க முடியாத நோய்க்கு வாங்கிய கருவி, வேலை செய்கிறதா நின்றுவிட்டதா என்பதுகூட நமக்குத் தெரியாமல் மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும். வக்ஃபு பணமோ ஒரு பிள்ளையின் வியர்வைப் பணமோ அதில் போகக் கூடாது என்பது அறங்காவலர்கள் அனைவரின் ஒருமித்த கருத்து.

சுவிட்சர்லாந்து 2016 முதல் ஊர்ச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களிலேயே மருந்துகளை அகற்றச் சட்டம் செய்து நடத்தி வருகிறது. பணத்துக்கும் படிப்புக்கும் குறைவில்லாத நாடு அது. அவர்கள் பெரிய அளவில் பயன்படுத்துவது ஓசோன் வாயுவையும் தூண்டப்பட்ட கரியையும்தான். ஒளி வினையூக்கி இன்னும் அந்த வரிசைக்கு வந்து சேரவில்லை. வரும் என்று நம்புகிறோம். வர வேண்டிய இடம் மருந்து ஆலையின் கழிவுக் குழாய், பெரிய மருத்துவமனையின் கழிவுத் தொட்டி. அங்கே மருந்து அடர்த்தியாக இருக்கும், தண்ணீர் அளவோடு இருக்கும், பார்த்துக்கொள்ளப் பொறியாளர் இருப்பார். ஆற்றில் கலந்து ஆயிரம் மடங்கு நீர்த்துப்போன பின் தேடிப் பிடிப்பது வைக்கோல் போரில் ஊசி தேடுவது.

ஆலை வாயிலில் பிடிப்பதற்கோ சட்டம் வேண்டும். மருந்து ஆலைக் கழிவில் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு கட்டி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் ஒரு வரைவு வெளியிட்டது. உலகத்திலேயே முதல் முயற்சி என்று பலரும் பாராட்டினார்கள். 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் இதற்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நம் நாட்டில் அது சட்டமாக வேண்டும் என்று கேட்டு நம் ஜமாஅத்தும் ஒரு மனு அனுப்பலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தாய்மார்கள் ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்கள்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதாதா? கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் சிப்ரோ போன்ற மருந்துகள் கொதிநீருக்கு அஞ்சுவதில்லை. ஆர்.ஓ. கருவி பெரும்பகுதி மருந்தைத் தடுத்துவிடும், தடுத்ததைக் கழிவுக் குழாய் வழியே சாக்கடைக்கே அனுப்பிவிடும். நம் வீட்டில் இல்லாமல் போகும், ஊரில் இருக்கும்.

இங்கேதான் நம் பள்ளத்தாக்கின் இருப்பிடத்தை நினைக்க வேண்டும். லோயர் கேம்ப்பில் இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், வீரபாண்டி என்று நம் ஊர்களைத் தொட்டு வைகையில் சேர்ந்து வைகை அணைக்குப் போகிறது. அங்கிருந்து மதுரைக்குக் குடிநீர். அதற்கும் கீழே சிவகங்கை, இராமநாதபுரம் வரை அந்த ஆற்றை நம்பிய மக்கள் இருக்கிறார்கள். நாம் தலைமடைக்காரர்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் தலைமடைக்காரனுக்கு என்ன பொறுப்பு என்று இந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிறருக்குத் தீங்கு செய்யாதே என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. வாய்க்காலின் கீழ்ப்பக்கம் இருப்பவனை நாம் கண்ணால் பார்த்ததில்லை என்பது அந்த விதியிலிருந்து நம்மை விடுவித்துவிடாது.

ஆகவே அறக்கட்டளை எடுத்த முடிவுகளைச் சொல்கிறோம்.

கருவி வாங்கப் போவதில்லை. அந்தப் பிள்ளையிடம் பேசி, அவர் தர நினைத்த தொகையை வேறு வகையில் செலவிட அனுமதி கேட்டோம், மனமுவந்து சம்மதித்தார்.

நம் மருத்துவ முகாம்களில் ஆன்டிபயாடிக் மாத்திரை மருத்துவர் சீட்டு எழுதியவருக்கு மட்டும், எழுதிய நாள் கணக்குக்கு மட்டும் தரப்படும். அட்டையின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் மருந்து டப்பாவைத் திறந்து அத்தா, அம்மாவுக்கு அந்தக் கோட்டைக் காட்டுங்கள். சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. மெடிக்கலில் போய் "பவரா ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்கும் பழக்கம் நம் மஹல்லாவில் நிற்க வேண்டும். எல்லை தாண்டினால் குமுளி. அந்தக் கேரளத்தில் 2024 ஜனவரி முதல் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் அரசே திடீர்ச் சோதனை நடத்துகிறது.

அறக்கட்டளை அலுவலக வாசலில் மஞ்சள் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். காலாவதியான, மிச்சம் கிடக்கும் மாத்திரை, டானிக், ஊசி மருந்து எல்லாவற்றையும் அதில் போடுங்கள். கழிவறையிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். கழிவறையில் கொட்டலாம் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025ல் சொன்னவை 17 மருந்துகள்தான், பிறர் கையில் கிடைத்தால் ஆபத்தான வகை. ஆன்டிபயாடிக் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவக் கழிவு விதிகளின்படி காலாவதி மருந்து மஞ்சள் பைக்கு உரியது. மருத்துவக் கழிவுகளை முறையாக அகற்றும் ஏற்பாடுள்ள மருத்துவமனையிடம் மாதந்தோறும் அதை ஒப்படைக்கப் பேசி முடித்துவிட்டோம்.

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் சிலர் இருக்கிறீர்கள். கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுப்பது 2019 ஜூலை முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. மனிதனுக்கு வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. என்ரோஃப்ளாக்சசின் கோழியின் உடம்பில் சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது. எருவில் வந்து மண்ணில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் நிற்கும். கோழி எருவைப் பச்சையாகத் திராட்சைக்கும் வாழைக்கும் போடாமல் நன்றாக மக்க வைத்துப் போட்டால் பல மருந்துகளின் எச்சம் குறையும். இந்தச் சிப்ரோ வகை அவ்வளவு எளிதில் போகாது என்பதால் கோழிக்கு நோய் வராதபோதே தீவனத்தில் கலந்து கொடுக்கும் வழக்கத்தை விடுவதுதான் வழி. நெல்லுக்கு ஸ்ட்ரெப்டோசைக்ளின் தெளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதுவும் ஆன்டிபயாடிக்தான். பயிருக்கு அதைத் தடை செய்ய மத்திய அரசு 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது. வேளாண் அலுவலரிடம் மாற்று மருந்தைக் கேளுங்கள்.

கடைசியாக, அந்தப் பிள்ளையின் பணம். சிறுநீர்த் தொற்று, ஆறாத புண் என்று வரும் ஏழைகளுக்கு எந்த மருந்து கேட்கும் என்று கண்டுபிடிக்க கல்ச்சர் சோதனை எடுக்க வேண்டும். சில நூறு ரூபாய் செலவு, இரண்டு மூன்று நாள் காத்திருப்பு. அன்றாடக் கூலியில் வாழ்பவர் அந்தச் செலவுக்குப் பயந்து சோதனை எடுக்காமல் கிடைத்த மாத்திரையை மாற்றி மாற்றி விழுங்குகிறார். மருத்துவர் கல்ச்சர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வருபவருக்கு அந்தத் தொகையை அவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். ஜகாத் பணத்தை உரியவரின் கைவசம் ஒப்படைத்தால்தான் அது நிறைவேறும் என்பதால், கட்டடத்துக்கும் கருவிக்கும் செலவிட முடியாத ஜகாத்தும் இந்த வழியில் பயன்படும் என்று உலமாக்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். ஜகாத் பெறத் தகுதியில்லாத ஆனால் சிரமப்படும் குடும்பங்களுக்கும் பிற சமயத்தவருக்கும் சதகா நிதியிலிருந்து தரப்படும். சீட்டும் ரேஷன் அட்டை நகலும் போதும். அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் அலுவலகம் திறந்திருக்கும். பெண்கள் நேரில் வரத் தயங்கினால் மகளிர் மதரஸா ஆலிமாவிடம் சீட்டைக் கொடுத்தனுப்பலாம்.